தூக்கிப் பார்!

வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறதா? அதன் எதிரே உட்காருங்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள். "அம்மா எங்கே? அம்மாவைக் காணோமே!" என்று கேளுங்கள். பிறகு முந்தானையை விலக்குங்கள். "இதோ!"

குழந்தை கலகலவென்று சிரிக்கும். பத்து முறை செய்தாலும் அதற்கு அலுக்காது. நமக்குத்தான் அலுக்கும்.

இந்த விளையாட்டைத் துணியில் தைத்து வைக்கலாம். ஒரு விரிப்பு. அதில் சின்னச் சின்னத் துணிக் கதவுகள். கதவைத் தூக்கினால் உள்ளே ஒரு படம். படத்தின் கீழே ஒரு சொல். குழந்தை படத்தைத் தேடும். அம்மா சொல்லைப் படித்துக் காட்டுவாள். அதை எப்படித் தைப்பது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

குழந்தை ஏன் தேடுகிறது?

சுவிட்சர்லாந்து நாட்டில் ழான் பியாஜே என்ற அறிஞர் இருந்தார். அவர் தம்முடைய சொந்தக் குழந்தைகளையே கூர்ந்து கவனித்து எழுதி வைத்தார். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பொருளைத் துணியால் மூடுவார். மிகச் சிறிய குழந்தை அதைத் தேடாது. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அந்தப் பொருளே இல்லை என்பது போல இருந்துவிடும். ஏறக்குறைய எட்டு மாதம் ஆனதும் நிலைமை மாறும். குழந்தை துணியை இழுத்துவிட்டு உள்ளே பார்க்கும். 'பொருள் அங்கேயேதான் இருக்கிறது' என்று அதற்குப் புரிந்துவிட்டது. இது பெரிய அறிவு. நாம் அதை விளையாட்டு என்று நினைக்கிறோம்.

இங்கிலாந்தில் எரிக் ஹில் என்ற ஓவியர் இருந்தார். விளம்பரத் தாள் ஒன்றில் தூக்கிப் பார்க்கும்படி ஒரு மடிப்பு இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்து அவருடைய சின்ன மகன் மகிழ்ந்தான். ஓவியருக்கு ஒரு யோசனை பிறந்தது. 1980-ல் 'ஸ்பாட் எங்கே?' என்ற புத்தகம் வந்தது. ஸ்பாட் ஒரு நாய்க்குட்டி. ஒவ்வொரு பக்கத்திலும் காகிதக் கதவைத் தூக்கி அதைத் தேட வேண்டும். உலகம் முழுவதும் குழந்தைகள் தேடினார்கள்.

காகிதக் கதவு குழந்தை கையில் சீக்கிரம் கிழிந்துவிடும். துணிக் கதவு அப்படி எளிதில் கிழியாது. கிழிந்தாலும் ஊசியும் நூலும் நம் கையில் இருக்கின்றன.

கந்தையும் காந்தாவும்

வடக்கு அந்தமானில் இருக்கிறது திக்லிபூர். அங்கே இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்து வீட்டுத் திண்ணையே போதும். ஏன் தெரியுமா?

1947-ல் நாடு பிரிந்தது. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானோடு போனது. அங்கிருந்து பல குடும்பங்கள் ஊரை விட்டு வந்தன. 1949 முதல் அவர்களில் பலரை அரசாங்கம் கப்பலில் அந்தமானுக்கு அனுப்பியது. 1950-களில் திக்லிபூர்ப் பக்கமும் குடியேற்றம் நடந்தது. வந்தவர்கள் காட்டைத் திருத்தி நெல் வயல் ஆக்கினார்கள். சீதாநகர், ராதாநகர், லட்சுமிபூர், காளிபூர், துர்காபூர் என்று ஊர்களுக்குப் பெயர் வந்தது. இன்று அங்கே வங்காளிகள், தமிழர்கள், தெலுங்கர்கள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். கடைத்தெருவில் எல்லாருக்கும் பொதுவான பேச்சு இந்திதான்.

வங்காளிப் பெண்களிடம் ஒரு பழைய கைவேலை உண்டு. அதன் பெயர் காந்தா. கிழிந்துபோன பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஓட்டுத் தையலால் நெருக்கமாகத் தைப்பார்கள். வண்ண நூல் வாங்குவதில்லை. சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி எடுப்பார்கள். பிறந்த குழந்தையைச் சுற்றுவதற்கு மெல்லிய காந்தா. குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கனமான காந்தா.

நாம் கந்தை என்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே சொல்தான். 'கந்தா' என்ற வடமொழிச் சொல்லிலிருந்து இரண்டும் வந்தன. நம் ஊரிலும் பாட்டிமார் பழஞ்சேலையை அடுக்கிக் குழந்தைக்கு விரிப்புத் தைத்தார்கள். நாம்தான் கடையில் வாங்கப் பழகிவிட்டோம்.

குருசதய் தத் என்பவர் வங்காளத்தில் ஊர் ஊராகப் போய்ப் பழைய காந்தாக்களைத் திரட்டினார். அந்தத் தொகுப்பில் மானதாசுந்தரி என்ற பெண் தைத்த காந்தா ஒன்று இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் தைத்தது. தன் தந்தைக்காகத் தன் கையால் தைத்ததாக அவர் அதிலேயே ஊசியால் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் பெண்கள் எழுதப் படிக்கக் கற்பது அரிது. அவருக்குக் காகிதத்தில் எழுத எத்தனை வாய்ப்புக் கிடைத்ததோ! துணியில் எழுதியது இன்றும் இருக்கிறது.

எந்தத் துணி?

பழைய நூல் சேலை, வேட்டி, லுங்கி எல்லாம் நல்லவை. பலமுறை துவைத்ததால் மென்மையாக இருக்கும். நைலான், பாலியெஸ்டர் சேலைகள் வேண்டாம். வியர்வையை உறிஞ்சாது. பனியன் துணியும் வேண்டாம். தைக்கும்போது இழுபடும்.

உள்ளே பஞ்சு வைக்கலாமா? சிலர் வைக்கிறார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தமானில் மே மாதம் தொடங்கும் மழை வருடக் கடைசி வரை விட்டு விட்டுப் பெய்கிறது. பஞ்சு வைத்த விரிப்பு நனைந்தால் லேசில் காயாது. முடை நாற்றம் அடிக்கும். குழந்தையின் விரிப்பு தினமும் நனையும் என்பதை நான் சொல்ல வேண்டுமா? பஞ்சுக்குப் பதில் இரண்டு அடுக்குப் பழஞ்சேலை போதும். ஒரு நல்ல வெயிலில் காய்ந்துவிடும்.

முதலில் எல்லாத் துணியையும் வெந்நீரில் துவைத்துக் காய வையுங்கள். சாயம் போகிறதா என்று பாருங்கள். ஈரத் துணியின் மேல் வெள்ளைத் துணியை அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள். குழந்தை விரிப்பைச் சப்பும்.

என்ன படம்?

குழந்தை தினமும் பார்க்கிற, கேட்கிற பொருளாக இருக்கட்டும். திக்லிபூரில் தைப்பவர்களுக்குப் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. அந்த ஊரே மூடித் திறக்கிற ஊர்.

காளிபூர்க் கடற்கரையைப் பாருங்கள். அங்கே நான்கு வகைக் கடல் ஆமைகள் முட்டையிட வருகின்றன. பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, எல்லாவற்றிலும் பெரிய ஏழுவரி ஆமை. பங்குனி ஆமை இரவில் கரையேறும். பின் கால்களால் மணலில் குழி தோண்டும். ஏறக்குறைய நூறு முட்டை இடும். குழியை மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். சுமார் 50 நாள் கழித்துக் குஞ்சுகள் தாமே மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். தாய் அதைப் பார்ப்பதில்லை. நாயும் மனிதரும் முட்டையை எடுத்துவிடாமல் இருக்க வனத்துறை முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்க வைக்கிறது. நம் விரிப்பில் கதவு மஞ்சள் துணி. அதுதான் மணல். தூக்கினால் ஐந்து வெள்ளை முட்டைகள், ஒரு குஞ்சு. கீழே 'ஆமை' என்ற சொல்.

ஏரியல் பே துறைமுகத்துக்கு அருகே ராஸ், ஸ்மித் என்று இரண்டு தீவுகள் இருக்கின்றன. கடல் வற்றும்போது இரண்டுக்கும் நடுவே வெள்ளை மணல் பாதை தெரியும். நடந்தே போகலாம். கடல் ஏறும்போது பாதை மறைந்துவிடும். கதவு நீலத் துணி. அதன் மேல் 'கடல்' என்று தையுங்கள். தூக்கினால் 'மணல்'.

சேடில் பீக் மலை 732 மீட்டர் உயரம். அந்தமான் நிக்கோபாரில் அதுதான் மிக உயரமான சிகரம். பல நாள் மேகம் மூடியிருக்கும். கதவின் மேல் 'மழை'. தூக்கினால் 'மலை'. ழ, ல இரண்டும் ஒரே கட்டத்தில் வந்துவிட்டன. இந்தக் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது.

அந்த மலையில் பிறக்கும் ஆறு கல்போங். அதில் அணை கட்டி 2001 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். கதவின் மேல் 'ஆறு'. தூக்கினால் 'விளக்கு'. குழந்தைக்கு இது உடனே புரியாது. நான்கைந்து வயதில் கேள்வி கேட்கும். அப்போது சொல்லுங்கள்.

ராம்நகர் அருகே சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றன. உழவாரன் என்ற சிறு பறவை அங்கே தன் எச்சிலாலேயே கூடு கட்டுகிறது. அந்தக் கூட்டைச் சூப் வைத்துக் குடிக்க வெளிநாட்டில் நல்ல விலை கொடுக்கிறார்கள். அதனால் திருட்டு நடந்தது. பறவைகள் குறைந்தன. இப்போது குகைகளைக் காவல் காக்கிறார்கள். கதவு கறுப்புத் துணி. அதன் மேல் 'குகை'. தூக்கினால் 'கூடு'.

ஆறாவது கதவு? அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அளவு

விரிப்பில் மொத்தம் 12 கட்டங்கள். அகலத்தில் 3, நீளத்தில் 4. ஒரு கட்டம் கதவு உள்ளது, அடுத்தது வெறும் துணி, இப்படி மாற்றி மாற்றி வையுங்கள். கதவுக் கட்டம் 6, வெறும் கட்டம் 6. எல்லாவற்றிலும் கதவு வைத்தால் குழந்தை படுத்து உருள இடம் இருக்காது.

தைத்த பிறகு ஒரு கட்டம் 10 அங்குலம் இருக்க வேண்டும். தையலுக்கு இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம். ஆகவே 11 அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். தையல்காரர்கள் இஞ்ச் என்று சொல்வதும் அங்குலம்தான்.

முதலில் படம். கட்டத்தின் மேல் ஓரத்திலிருந்து 3 அங்குலம் கீழே சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். அதுதான் கதவின் கீல் வரும் இடம். கோட்டுக்குக் கீழே 1 அங்குலம் விட்டுப் படமும் சொல்லும் வர வேண்டும். இரண்டும் சேர்ந்து 5 அங்குல அகலம், 3 அங்குல உயரத்துக்குள் அடங்கட்டும். படத்தைத் துணியில் வெட்டி, ஓரத்தை மடித்துத் தையுங்கள். பிசிறு தெரியக் கூடாது.

பிறகு சொல். சாக்கட்டியால் எழுதி அதன் மேல் சங்கிலித் தையல் போடுங்கள். ஒரு எழுத்துக்குப் பத்து நிமிடம் ஆகலாம். ஆகட்டும். பேனாவில் எழுதும்போது கை ஓடிவிடும். ஊசியில் எழுதும்போது ஒவ்வொரு வளைவையும் கை நிதானமாகப் பழகும். 'மை' எங்கே தொடங்குகிறது, 'ழ' எங்கே கீழே இறங்குகிறது என்று அப்போதுதான் தெரியும். எழுத்துக் கற்றுக்கொண்டு, பிறகு எழுதாமலே இருந்து மறந்துபோனவர்களை நமக்குத் தெரியும். தைத்த எழுத்து தினமும் கண்ணில் படும்.

சொல்லைக் கதவின் உட்புறத்தில் தைக்காதீர்கள். கதவைத் தூக்கினால் அது தலைகீழாகத் தெரியும். அடியில் இருக்கும் கட்டத்திலேயே தையுங்கள்.

கதவு

ஒரு கதவுக்கு இரண்டு துண்டு வேண்டும். ஒவ்வொன்றும் 7 அங்குல அகலம், 6 அங்குல நீளம். கதவின் மேல் சொல் வேண்டும் என்றால் வெளித் துண்டில் இப்போதே தைத்துவிடுங்கள்.

இரண்டின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். இடம், வலம், கீழ் என்று மூன்று பக்கம் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். மேல் பக்கத்தைத் தைக்க வேண்டாம். கீழ்ப் பக்கத்தின் நடுவில் ஒரு சிறு துணிக் காது வைத்துத் தையுங்கள். குழந்தை பிடித்துத் தூக்க அது உதவும். காது இரண்டு துண்டுக்கும் நடுவில், உள்பக்கமாக இருக்க வேண்டும். திருப்பும்போது வெளியே வரும். மூலைகளைக் கொஞ்சம் வெட்டிவிட்டுப் பையைத் திருப்புவது போலத் திருப்புங்கள். தேய்த்துக்கொள்ளுங்கள்.

இனி கீல். கதவு நிற்பதும் கிழிவதும் இங்கேதான். நிதானமாகச் செய்யுங்கள்.

கட்டத்தைத் தரையில் விரியுங்கள். கதவை அதன் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். வெளிப்பக்கம் கட்டத்தைப் பார்க்க வேண்டும். காது மேலே இருக்க வேண்டும். தைக்காத ஓரம் கோட்டைத் தாண்டி அரை அங்குலம் கீழே வரட்டும். கோட்டின் மேலேயே கெட்டித் தையல் போடுங்கள். கையால் தைத்தால் ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைப் பின்னால் கொண்டுவந்து குத்துங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தைக் கால் அங்குலமாக வெட்டுங்கள். இப்போது கதவைக் கீழே மடக்குங்கள். படம் மறைந்துவிட்டதா? மடிப்பிலிருந்து அரை அங்குலம் கீழே இன்னொரு வரிசை தையுங்கள். பிசிறான ஓரம் இரண்டு தையலுக்கும் நடுவே பூட்டிக்கொள்ளும்.

சோதித்துப் பாருங்கள். கதவின் காதைப் பிடித்துக் கட்டத்தை உதறுங்கள். பலமாக இழுங்கள். தையல் விட்டால் இப்போது உங்கள் கையில் விடட்டும். குழந்தை வாயில் விட வேண்டாம்.

சேர்ப்பது

கட்டங்களை மூன்று மூன்றாகச் சேர்த்து நான்கு வரிசை ஆக்குங்கள். பிறகு வரிசைகளைச் சேருங்கள். எல்லாக் கதவும் ஒரே பக்கம் திறக்கிறதா என்று தைக்கும் முன் பாருங்கள்.

மேல் துணி இப்போது 31 அங்குல அகலம், 41 அங்குல நீளம் இருக்கும். எப்படி? மூன்று கட்டம் முப்பது. இரண்டு ஓரத்து அரை அங்குலமும் சேர்ந்து ஒன்று. நீளத்தை நீங்களே கூட்டிப் பாருங்கள். அடித்துணியை 34-க்கு 44 அங்குலம் வெட்டுங்கள். அதன் மேல் இரண்டு அடுக்குப் பழஞ்சேலை. அதன் மேல் மேல் துணி. அடித்துணி ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். நூலால் அங்கங்கே பெரிய தையல் போட்டு நிறுத்துங்கள்.

இனி காந்தா போல ஓட்டுத் தையல். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வாருங்கள். அப்போதுதான் துணி சுருங்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் முதல் முறை தைத்தபோது ராத்திரி விளக்கில் தைத்தேன். வரிசை நேராக வருகிற மகிழ்ச்சியில் கதவின் மேலேயே தைத்துக்கொண்டு போய்விட்டேன். காலையில் பார்த்தால் ஒரு கதவும் திறக்கவில்லை. பிரிக்க இரண்டு நாள் ஆனது. கதவைத் தூக்கி ஊக்கு குத்தி வைத்துவிட்டு அடியில் தையுங்கள். முடிந்ததும் ஊக்குகளை எண்ணி எடுங்கள். ஆறு குத்தினால் ஆறும் கைக்கு வர வேண்டும்.

கடைசியாக அடித்துணியின் ஓரத்தை அரை அங்குலம் உள்ளே மடியுங்கள். மறுபடி மேல் துணியின் மேல் மடக்கித் தையுங்கள்.

குழந்தைக்கு ஆபத்து வராமல்

பொத்தான், மணி, ஜிகினா எதுவும் வேண்டாம். குழந்தை பிய்த்து விழுங்கும். மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அழகுக்காக வைக்கலாமே என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆமைக்குக் கண் வேண்டும் என்றால் நூலால் தையுங்கள்.

நீளமான நாடாவும் வேண்டாம். கழுத்தில் சுற்றும். தொங்கும் நூல் முனைகளை வெட்டிவிடுங்கள். ஒற்றை நூல் குழந்தையின் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். காரணம் தெரியாமல் குழந்தை அழுதால் கை விரல், கால் விரல்களையும் பாருங்கள்.

இன்னொன்று முக்கியம். இது விளையாட்டு விரிப்பு. தரையில் விரித்து, பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க, குழந்தை விளையாட வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும்போது இதைப் போர்த்தாதீர்கள். முகத்தை மூடினால் குழந்தையால் விலக்க முடியாது.

ஆறாவது கதவு

ஆறாவது கதவு வீட்டுக் கதவு. உங்கள் வீட்டுக் கதவு என்ன நிறமோ அந்த நிறத்தில் துணி எடுங்கள். தூக்கினால் உள்ளே குழந்தையின் பெயர். அதன் கீழே, தைத்தவர் பெயர். உங்கள் பெயர்.

கைநாட்டு வைத்துப் பழகிய கைக்கு இது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். "நம்ம பேரு எதுக்கு?" என்று தோன்றும். மானதாசுந்தரி தைத்தாரே! நீங்களும் தையுங்கள். ஆண்டையும் தையுங்கள்.

விரிப்பு முடிந்தது. குழந்தையை உட்கார வைத்தாயிற்று.

"ஆமை எங்கே?"

குழந்தை நீலக் கதவைத் தூக்குகிறது.

"அது மணல். ஆமை எங்கே?"

மஞ்சள் கதவைத் தூக்குகிறது. கை தட்டுகிறது. உடனே மூடிவிடுகிறது. மறுபடி தூக்குகிறது.

அதிகம் தூக்குகிற கதவுதான் முதலில் நைந்து போகும். அந்த மஞ்சள் துணியில் ஒரு முழம் மிச்சம் எடுத்து வையுங்கள்.